தமாலேயில் எல்லாவற்றுக்கும் ‘நா’

நான் ஓய்வு பெற்றபோது கம்பனி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் தந்தது. இனி நேரம் பார்க்கத் தேவையில்லாதவனுக்குக் கடிகாரம் கொடுப்பது இங்கிலீசுக்காரரின் பழக்கம். கூடவே கடைசியாக ஒரு வேலையும் தந்தார்கள். கானா நாட்டின் வடக்கே இருக்கும் தமாலே என்ற நகரத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இனிமேல் அங்கே எங்கள் ஆட்கள் போகப்போவதில்லை. அங்கே நாங்கள் பராமரிக்கும் பிரிட்ஜ்களின் வெப்பநிலை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத் திரையிலேயே தெரியும். இருந்தாலும் திரையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றி ஒரு நினைப்பு இருக்கட்டுமாம். தலைப்புகளையும் அவர்களே தந்தார்கள்: நில அமைப்பு, காலநிலை, மக்கள்.

எழுதிக் கொடுத்தேன். மக்கள் என்ற பகுதியை வெட்டி, ‘மக்கள் நட்பானவர்கள்’ என்று ஒரு வரியாக்கித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வரியை எந்த ஊருக்குத்தான் எழுத முடியாது? கோயில் தலைவர் தேர்தல் நடக்கும் நாளை விட்டுவிட்டால் எங்கள் சனத்தைப் பற்றியும் எழுதலாம். ஆகவே மூன்று தலைப்பையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். கம்பனியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; வெட்டுவதற்கு இனி ஆளில்லை.

என் தொழில் குளிர். ஜேர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் இறைச்சிக்கடைக் குளிரறைகளையும் ஐஸ்கிரீம் பெட்டிகளையும் திருத்தப் பழகினேன். பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டன் வந்து, குட்மேய்ஸில் வீடு எடுத்து, பார்க்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். மீன்கடை, பூக்கடை, ஆஸ்பத்திரி, பிணவறை, குளிர வேண்டியது எதுவென்றாலும் போவேன். பிறகு கம்பனிக்கு ஒரு தொண்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. தமாலேயில் தடுப்பூசி மருந்து வைக்கும் களஞ்சியத்தின் பிரிட்ஜ்களைப் பராமரிக்க வருடத்துக்கு இரண்டு முறை ஆள் போக வேண்டும்.

எங்கள் மேலாளர் கொலின் அதட்டத் தெரியாத மனிதர். கட்டளையையும் கேள்வியாகத்தான் கேட்பார். “தமிழ், தமாலே... உமக்கு ஊருக்குப் போவது மாதிரி இருக்கும், இல்லையா?” என்றார். பகிடிக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். மனிதர் உண்மையாகவே அப்படி நினைத்திருந்தார்.

மனைவி வசந்திக்கு வந்து சொன்னேன்.

“ஆபிரிக்காவோ? ஏன், பார்க்கிங்கிலை பிரிட்ஜ் எல்லாம் முடிஞ்சுதோ?”

“தமாலேயாம். எங்கட பேர் மாதிரி இருக்கு எண்டு என்னை அனுப்பினம்.”

“நல்ல காலம், தமிழ்நாட்டிலை வேலை கிடைக்கேல்லை. உங்களை முதலமைச்சராக்கி இருப்பாங்கள்.”

நில அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். தமாலே தட்டையான ஊர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அது புதிதல்ல. ஆறில்லாத ஊரும் புதிதல்ல. வெள்ளை வோல்ட்டா என்ற பெரிய ஆறு ஊரை மதிக்காமல் தள்ளித்தான் ஓடுகிறது. குழாய்த் தண்ணீர் அங்கிருந்து வரும், வர மனம் வந்தால். மண் சிவப்பு. என் வெள்ளைச் சேட்டுகள் ஒரே பயணத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன, இன்றுவரை திரும்பவில்லை. வேம்பும் மாவும் உண்டு. ஊரைச் சுற்றி ஷியா மரங்கள். அந்தப் பழத்தின் பெயரிலிருந்துதான் ஊருக்குப் பெயர் வந்தது என்று அங்கே சொல்வார்கள். தமிழுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்து இல்ஃபோர்ட் கடைகளில் தோலுக்குப் பூசவென்று சின்ன டப்பாவில் பெரிய விலைக்கு விற்கிற ஷியா வெண்ணெயை அங்கே சந்தையில் பெண்கள் சுரைக்குடுக்கையில் மலைமாதிரிக் குவித்து வைத்திருப்பார்கள். அதே பெண்கள் முக்காடு பறக்க மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போவார்கள், முன்னால் ஒரு மூட்டை, முதுகில் ஒரு பிள்ளை.

காலநிலை இன்னும் எளிது. மழை ஒரு பருவம், மிச்சமெல்லாம் வெயில். பங்குனி சித்திரையில் நாற்பது டிகிரி. பிரிட்ஜ் திருத்துகிறவனைக் கடவுளாக மதிக்கும் காலம் அது. மார்கழியில் ஹர்மட்டான் காற்று சகாராவிலிருந்து தூசியைக் கொண்டுவரும். சூரியன் மங்கிப்போய் நிலவுபோல் தெரியும். உதடு வெடிக்கும், மூக்கு அடைக்கும், பிரிட்ஜின் முதுகில் இருக்கும் குழாய்களில் தூசி கம்பளியாகப் படியும். பகலில் வெயில் எரிக்கும். விடியற்காலையில் ஆட்கள் கம்பளித் தொப்பியோடு நடுங்குவார்கள். லண்டனில் இருந்து போன நான் அரைக்கைச் சேட்டோடு நிற்பதைப் பார்த்து எனக்காகவும் சேர்த்து நடுங்குவார்கள்.

இனி மக்கள். முதல் நாள் நான் வாகனத்தை விட்டு இறங்கியதும் தெருவில் நின்ற சின்னப் பிள்ளைகள் “சிலிமிங்கா! சிலிமிங்கா!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். என்ன அர்த்தம் என்று சாரதியிடம் கேட்டேன். வெள்ளைக்காரனாம். என் நிறம் உங்களுக்குத் தெரியாது. சட்டியின் அடிப்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் இத்தனை வருடம் வரி கட்டியும் கிடைக்காத பதவி தமாலேயில் ஒரு நிமிடத்தில் கிடைத்தது. வசந்திக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “அப்ப இனி உங்கட கோப்பையை நீங்களே கழுவுங்கோ, வெள்ளைக்காரர் அப்பிடித்தான்” என்றாள்.

களஞ்சியத்துக்குப் பொறுப்பாக அல்ஹசன் என்பவன் இருந்தான். நெட்டையன், என்னைவிடப் பத்து வயது குறைவு, கோடுபோட்ட கைத்தறிச் சட்டை, சிரிக்கும் முன் வாயைப் பொத்துகிற பழக்கம். அவனுக்கும் எனக்கும் வடபகுதி முழுவதற்கும் மேலே இருந்தவர் ஹாஜியா. மக்காவுக்குப் போய் வந்த பெண்மணி என்பதால் அந்தப் பட்டம்; பெயரை யாரும் சொல்வதில்லை. தடுப்பூசி எந்தக் கிராமத்துக்கு எப்போது போக வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியால் மெதுவாகத் துடைப்பார். அதைப் பார்த்ததும் விபரம் தெரிந்தவர்கள் வேறு அறையில் வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவார்கள். அந்த ஊரில் பெரியவர்கள் முன்னால் குந்தி இருந்துதான் வணக்கம் சொல்வார்கள். ஹாஜியா முன்னால் டாக்டர்மாரும் குந்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர் என்னோடு பேசியது ஆங்கிலம். ஆனால் அந்தத் தோரணைக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் அம்மாமாரின் தமிழ்தான் பொருந்தும், அப்படியே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

“வாங்கோ மிஸ்டர் லிங்கம். வீடு எப்பிடி?”

“பின்பக்கத்துக் கூரை ஒழுகுது” என்றேன்.

“மனுசி?”

“கோபமா இருக்கிறா.”

“பிள்ளையள்?”

“மூத்தவன் சோதனையிலை கோட்டை விட்டிட்டான்.”

கதிரை ஒன்று நகரும் சத்தம் கேட்டது. யாரோ வெளியே போகிறார்கள். ஹாஜியா கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸ்டர் லிங்கம், நான் சுகம் விசாரிக்கிறன். நீங்கள் வழக்குப் பதியிறியள்.”

பிறகு அல்ஹசன் விளக்கினான். காலையில் ‘தசிபா’ என்று தொடங்குவார்கள். வீடு, மனைவி, பிள்ளைகள், உடம்பு, வேலை, வெயில் அல்லது குளிர் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: ‘நா’. கூரை ஒழுகினாலும் நா. கூரையே போனாலும் நா. விசாரிப்பு முழுதாக முடிந்த பிறகுதான் கூரை பறந்த கதையை எடுக்க வேண்டும். வந்தவனை வாசலில் வைத்தே கெட்ட செய்தியால் அடிப்பது மரியாதையில்லை.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் பழக்கினேன். “கறிக்கு உப்புக் காணுமோ?” நா. “தங்கச்சி வீட்டுக்கு எடுத்துக் கதைச்சனீங்களோ?” நா. மூன்றாம் நாள் வசந்தி அகப்பையைக் காட்டினாள், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வருடங்கள் போயின. ஊர் பழகிவிட்டது, பழகியதும் கொஞ்சம் கொழுப்பும் வைத்துவிட்டது. ஒரு தை மாதம், ஹர்மட்டான் உச்சத்தில், அக்ராவிலிருந்து தமாலேக்கு வரும் விமானத்தைத் தூசியால் நிறுத்திவிட்டார்கள். பகல் முழுவதும் பஸ்ஸில் குலுங்கி, ஒரு நாள் பிந்தி, வாய்க்குள் மண்ணோடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை களஞ்சிய முற்றத்தில் வாகனங்கள் நின்றன. ஆற்றுக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு ஐந்து நோய்க்கான குழந்தைத் தடுப்பூசி அன்றைக்குப் போக வேண்டும். வரச் சொல்லித் தாய்மாருக்கு ஏற்கனவே சொல்லி அனுப்பியாகிவிட்டது. நான் பிரிட்ஜ் இரண்டையும் பார்த்துச் சரி சொன்னால் ஏற்றுவார்கள்.

அல்ஹசன் வாசலில் வந்து “தசிபா” என்றான்.

“தசிபா, தசிபா. எல்லாம் ஓகேயோ?” என்றேன், நடந்துகொண்டே.

“நா.”

உள்ளே போனேன். தடுப்பூசிக்கு இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரண்டு பிரிட்ஜிலும் நாலு. குழாய்த் தூசியைத் தட்டினேன், மோட்டார்ச் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டேன், மூடியின் ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் திறம். அல்ஹசன் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். “மாஸ்டர், வீடு எப்பிடி?” என்றான். “ஏத்தச் சொல்லு, அல்ஹசன்” என்றேன். சாரதிகள் பெட்டிகளைத் தூக்கினார்கள்.

அப்போது, நாலு நாளாகக் கிராமங்களில் சுற்றிக்கொண்டிருந்த ஹாஜியா வந்தார். முற்றத்தில் நின்று அல்ஹசனை விசாரிக்கத் தொடங்கினார். வீடு, நா. மனைவி, நா. பிள்ளைகள், நா. குளிர், நா. வேலை, நா. எனக்கு அவசரம், ஆனால் ஹாஜியாவின் விசாரிப்பில் குறுக்கே போகிற துணிச்சல் எனக்கில்லை. எல்லாம் முடிந்த பிறகு அல்ஹசன் குரலைத் தாழ்த்தித் தன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னான். ஹாஜியா கண்ணாடியைக் கழற்றினார். சாரதிகள் பெட்டிகளை அப்படியே கீழே வைத்தார்கள்.

“மிஸ்டர் லிங்கம், இவரை விசாரிச்சனீங்களோ?”

“ஓம். எல்லாம் ஓகேயோ எண்டு கேட்டனான்.”

“ஓகே எண்டது ஆரின்ரை மனுசி? ஆரின்ரை பிள்ளை?”

நடந்தது இதுதான். மூன்று நாளுக்கு முன் கரண்ட் நின்று, திரும்பி வரும்போது ஒரு உதை உதைத்திருக்கிறது. வலப்பக்கப் பிரிட்ஜின் குளிரைக் கட்டுப்படுத்தும் கருவி இறுகி, மோட்டார் இரவு முழுக்க நிற்காமல் ஓடியிருக்கிறது. வெளியிலும் ஹர்மட்டான் குளிர். காலையில் அல்ஹசன் திறந்தபோது அடித்தட்டுப் போத்தல்களில் ஐஸ். அவன் மோட்டாரை நிறுத்தியும் ஓட்டியும் ஒரு வழியாக நாலுக்குக் கொண்டுவந்துவிட்டான். உறைந்தால் காட்டிக்கொடுக்கிற சின்னக் கருவிக்குப் பட்டரி செத்துப்போயிற்று. மாற்றுக் கருவி அக்ராவில் கிடந்தது. என் நாலு டிகிரி உண்மைதான். ஆனால் அது இன்றைய உண்மை.

“எனக்கேன் சொல்லேல்லை?” என்று அல்ஹசனிடம் பாய்ந்தேன்.

அவனுக்குக் கோபமில்லை. “மாஸ்டர், நீங்கள் இன்னும் வந்து சேரேல்லை” என்றான்.

இந்தத் தடுப்பூசிக்குச் சூடு மெதுவாகக் கொல்லும் நோய். உறைந்தால் அந்த இடத்திலேயே முடிந்தது. உருகிய பிறகு பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும். பிள்ளைக்குக் குத்தலாம், பிள்ளை அழும், தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள், கக்குவான் இருமல் வரும்போது பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது அந்த அழுகை மட்டும்தான். எல்லாவற்றையும் எறிந்தாலோ, அடுத்த மருந்து வந்து சேர மழைக்காலமாகிவிடும். மழைக்காலத்தில் ஆற்றுக்கு அப்பால் வாகனம் போகாது.

கொலினுக்குப் போன் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். “இப்போது பிரிட்ஜ் அளவுக்குள் இருக்கிறதா?” என்றார். இருக்கிறது என்றேன். “அப்படியென்றால் எங்கள் பக்கத்தில் பிரச்சினை இல்லை, அப்படித்தானே?” கொலின் கெட்ட மனிதரல்ல. பார்க்கிங்கில் இருந்து பார்த்தால் பிரிட்ஜ் மட்டும்தான் தெரியும்.

ஒரு வழி இருந்தது: குலுக்கிப் பார்க்கிற சோதனை. அதற்கு ஒரு போத்தலை வேண்டுமென்றே உறையவிட வேண்டும்; இரவு முழுவதும் வேண்டும். வாகனங்கள் ஒரு நாள் நிற்க வேண்டும் என்று ஹாஜியாவிடம் சொன்னேன்.

“வாகனம் நிக்காது” என்றார். “தாய்மார் பிள்ளையளோடை வெயிலுக்கை வந்து இருப்பினம். ஒருக்கா ஏமாந்தால் அடுத்தமுறை வராயினம். மருந்தில்லாமல் போகலாம். சுகம் விசாரிக்காமல் விடேலாது.”

வாகனங்கள் வெறுமையாகப் போயின. ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, முறையாக விசாரித்து, வீடு மனைவி ஆடு மாடு எல்லாம் கேட்டு முடித்து, நாளைக்கோ மறுநாளோ வருவோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பின. சுகம் விசாரிக்க மட்டும் வாகனம் அனுப்புகிற அதிகாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சோதனை இப்படி. ஒரே கம்பனி, ஒரே தொகுதியில் போத்தல்களை எடுக்க வேண்டும். ஒன்றைக் கல்லாக உறையவைத்து, பிறகு தானாக உருகவிட வேண்டும். அது செத்த மருந்து, அதுதான் அளவுகோல். சந்தேகமான பெட்டிகளில் அடித்தட்டில் ஒன்று, நடுத்தட்டில் ஒன்று, மேல்தட்டில் ஒன்று. எல்லாவற்றையும் நன்றாகக் குலுக்கி, வெளிச்சத்துக்கு நேரே மேசையில் வரிசையாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். செத்தது சீக்கிரம் அடியில் படிந்துவிடும்: மேலே தெளிநீர், கீழே மாவு. நல்லது கலங்கிக்கொண்டே நிற்கும்.

மின்விசிறியை நிறுத்தினோம். மேசையில் யாரும் சாயக்கூடாது என்றேன். போத்தல்கள் சின்னவை, நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹாஜியா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உடுப்பை ஒதுக்கிக்கொண்டு மேசை முன்னால் குந்தினார். ஊரே குந்துகிற மனுசி, விரலளவு போத்தல்கள் முன்னால், கண்ணை மேசை விளிம்புக்கு நேரே வைத்துக்கொண்டு. அவர் குந்திய பிறகு நாங்கள் நிற்க முடியுமா? அல்ஹசனும் நானும் சாரதிகளும் குந்தினோம். எனக்கு முழங்கால் கெஞ்சியது. மூன்றும் செத்திருந்தால் அந்தத் தாய்மாருக்கு இந்த வருடம் மருந்தில்லை.

அளவுகோல் போத்தல் தெளியத் தொடங்கியது. அடித்தட்டுப் போத்தலும் அதோடு சேர்ந்தே தெளிந்தது. அல்ஹசன் கண்ணை மூடிக்கொண்டான். நடுத்தட்டு கலங்கலாகவே நின்றது. மேல்தட்டும் நின்றது. நாங்கள் இன்னும் குந்தியிருந்தோம், ஹாஜியா எழும்பினால்தானே! முழுதாக அரை மணித்தியாலம் போனது. மறுபடியும் குலுக்கி வைத்தேன். அதே முடிவு. அடித்தட்டுப் பெட்டிகளை எறிந்தோம்; மிச்சம் உயிரோடு இருந்தது.

ஊருக்குள் கொடுக்க வைத்திருந்த பங்கையும் ஹாஜியா ஆற்றுக்கு அப்பால் அனுப்பினார். ஊரார் பிறகு நடந்து வந்து வாங்கலாம் என்றார். வாகனங்கள் மருந்தோடு புறப்பட்டுப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“மிஸ்டர் லிங்கம், வேலை எப்பிடி?”

“நா” என்றேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு தமாலேயில் எந்த வேலையையும் வணக்கம் முடிக்காமல் நான் தொட்டதில்லை. அல்ஹசனின் ஆடுகள், அவன் தாயின் முழங்கால், அவன் மோட்டார் சைக்கிள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கொலின் ஒருமுறை, அங்கே பிரிட்ஜ் பார்க்க ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். இந்தக் கதையைத்தான் மக்கள் என்ற தலைப்பில் எழுதினேன், அதைத்தான் வெட்டினார்கள்.

போன ஞாயிறு காலை அல்ஹசன் வாட்ஸப்பில் அழைத்தான். ஹாஜியா ஓய்வு பெற்று, சிறுநீரகம் பழுதாகி, அக்ரா ஆஸ்பத்திரியில் இருப்பது எனக்குத் தெரியும். நான் ஹலோ சொன்னதும் “தசிபா” என்றான். வீடு எப்பிடி, நா. மனுசி எப்பிடி, நா. அடுப்படியிலிருந்து வசந்தி “ஆரப்பா, என்னவாம்?” என்று கேட்டாள். பிள்ளைகள், நா. லண்டன் குளிர், நா. அவன் நேரம் எடுத்துக் கேட்டான், ஒன்றையும் விடவில்லை. பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அவன் விசாரிப்பு முடிந்தது. உடனே நான் தொடங்கினேன். உன் வீடு எப்பிடி? நா. மனுசி? நா. அம்மாவின் முழங்கால்? நா. ஆடுகளைக் கேட்டேன், சின்ன ஆட்டைத் தனியாகக் கேட்டேன். மோட்டார் சைக்கிளைக் கேட்டேன். வலப்பக்கப் பிரிட்ஜைக் கேட்டேன், இடப்பக்கப் பிரிட்ஜைக் கேட்டேன். அவன் அவசரப்படுத்தவில்லை. களஞ்சிய வாசலில் நிற்கிற வேப்பமரத்தைக் கூடக் கேட்டேன். அதற்கும் நா என்றான். ஒரு ஆளை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்காதவரை அவர் இருந்தார்.

பிறகு கேட்க எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

“மாஸ்டர்,” என்றான் அல்ஹசன், “ஹாஜியா போயிட்டா. நேற்று அடக்கம் செய்திட்டம்.”

என் வாயிலிருந்து அதற்கும் ‘நா’ தான் வந்தது.